ஹார்மோன் டெஸ்ட் நார்மல் என்கிறார்கள், ஆனால் கோபமும் அழுகையும் நிற்கவில்லை. பெரிமெனோபாஸை மனதளவில் எப்படிச் சமாளிப்பது?

கேள்வி: வயது 45. ஆறு மாதமாக பீரியட்ஸ் முன்னே பின்னே வருகிறது. சின்ன விஷயத்துக்கும் பிள்ளைகள் மேல் வள்ளென்று விழுகிறேன், அப்புறம் உட்கார்ந்து அழுகிறேன். விடியற்காலை 3 மணிக்கு வேர்த்துக் கொட்டி விழிப்பு வந்துவிடுகிறது. ஹார்மோன் டெஸ்ட் எடுத்தேன், நார்மலாம். என்ன செய்வது?

பதில்:

அந்த "நார்மல்" ரிப்போர்ட்டை முதலில் மடித்து உள்ளே வையுங்கள். எஃப்.எஸ்.எச். என்ற ஹார்மோன் இந்த வயதில் இந்த வாரம் ஏறும், அடுத்த வாரம் இறங்கும். ஒரு நாள் எடுத்த ரத்தம் அந்த ஒரு நாளைப் பற்றித்தான் பேசும். அதனால்தான் 45 வயதிலோ அதற்கு மேலோ பீரியட்ஸ் மாறுவதும் இந்தத் தொந்தரவுகளும் சேர்ந்து வந்தால், டெஸ்ட் இல்லாமலேயே பெரிமெனோபாஸ் (பீரியட்ஸ் நிற்பதற்கு முந்தைய மாற்றக் காலம்) என்று எடுத்துக்கொள்ளலாம் என்கிறார்கள் டாக்டர்கள். (40க்குக் கீழே என்றால் கதை வேறு. அங்கே டெஸ்ட் அவசியம்.) பீரியட்ஸ் இடைவெளி மாதத்துக்கு மாதம் 7 நாளோ அதற்கு மேலோ மாற ஆரம்பித்தால் அது தொடக்கக் கட்டம். 60 நாளோ அதற்கு மேலோ வராமல் இருந்தால் பிற்கட்டம். 12 மாதம் தொடர்ந்து வராமல் இருந்தால்தான் மெனோபாஸ். நம் நாட்டில் அதன் சராசரி வயதே 46, 47தான். ஆகவே 45ல் உங்களுக்கு இது சீக்கிரமே வந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

ஈஸ்ட்ரோஜன் குறைவதால் கோபம் வருகிறது என்று பொதுவாகச் சொல்வார்கள். அது பாதி உண்மை. முதலில் குறைவது புரோஜெஸ்டிரோன். கருமுட்டை வெளியாகாத மாதங்களில் அது மிகக் குறைவாகவே சுரக்கும். மூளையைத் தணிக்கிற பொருள் ஒன்று அதிலிருந்துதான் உண்டாகிறது. ஈஸ்ட்ரோஜனோ சீராக இறங்காமல் தாறுமாறாக ஏறி இறங்குகிறது. கரண்ட் இல்லாத வீட்டில் ஃபிரிட்ஜ் சும்மா நிற்கும். வோல்டேஜ் ஏறி இறங்குகிற வீட்டில்தான் கெட்டுப்போகும். பீரியட்ஸ் முழுதாக நின்று ஓரிரு வருடம் ஆனபின் பலருக்கு மனசு தானாகவே நிதானப்படுவதற்குக் காரணம் இதுதான்.

கோபத்தை நேரடியாக அடக்கப் பார்ப்பதில்தான் பெரும்பாலானவர்கள் தோற்கிறார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு நான்கு நாள் இருப்பார்கள், ஐந்தாம் நாள் இட்லி வேகவில்லை என்பதற்கு வெடிப்பார்கள். கோபம் எந்த வழியாக வருகிறது என்று பார்த்து அந்த வழியை அடைப்பதுதான் பலிக்கும். அதற்குக் கருவி, பால் கணக்கு எழுதுகிற அதே மாதக் காலண்டர்.

ஒவ்வொரு நாள் கட்டத்திலும் நான்கு விஷயம் மட்டும் எழுதுங்கள். தீட்டு இருந்தால் "தீ". முந்தின இரவு தூங்கிய மணி நேரம், உத்தேசமாக. வேர்த்து எழுந்தது எத்தனை தடவை. கோபமோ அழுகையோ, 0 முதல் 3 வரை ஒரு எண். உதாரணமாக "தீ, 5, 2, 3" என்றால் தீட்டு நாள், ஐந்து மணி நேரத் தூக்கம், இரண்டு தடவை வேர்வை, மனசு மோசம். யாருக்கும் புரியாது, வீட்டில் எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில் இருந்தாலும் பரவாயில்லை. இரவு அடுப்படி விளக்கை அணைக்கும்போது எழுதினால் மறக்காது. மோசமான நாளில் மட்டும் எழுதினால் இது வீண். நல்ல நாளையும் எழுதினால்தான் ஒப்பிட முடியும். இரண்டு மாதம் போதும்.

பிறகு காலண்டரைத் தள்ளி நின்று பாருங்கள். பொதுவாக மூன்றில் ஒரு சாயல் தெரியும்.

3 போட்ட நாட்கள் எல்லாம் வேர்த்து விழித்த இரவுக்கு மறுநாளாக இருந்தால், உங்கள் பிரச்சினை கோபம் இல்லை, தூக்கம். உங்கள் கேள்வியைப் படித்தால் இதற்குத்தான் வாய்ப்பு அதிகம் என்று படுகிறது. தீட்டுக்கு முந்தின ஏழு, பத்து நாளில் மட்டும் மோசமாகி, உதிரம் கண்ட இரண்டாம் நாள் மேகம் கலைந்தது போல் ஆகிவிட்டால், அது பழைய பி.எம்.எஸ். (தீட்டுக்கு முந்தைய தொந்தரவு) இந்த வயதில் முற்றியிருப்பது. தீட்டுக்கும் தூக்கத்துக்கும் சம்பந்தமில்லாமல் மாதம் முழுக்க 2, 3 என்றே இருந்து, சீரியல், கோயில், தங்கை போன் எதிலும் நாட்டமில்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனால் அது மனச்சோர்வு நோய். அதை "இந்த வயசுல அப்படித்தான்" என்று ஒதுக்கக் கூடாது. பிரசவத்துக்குப் பின்னோ அதற்கு முன்னோ மனச்சோர்வு வந்தவர்களுக்கு இப்போது திரும்ப வரும் வாய்ப்பு கூடுதல். வாழ்வது வீண் என்ற எண்ணம் ஒரு தடவை தலைகாட்டினாலும் காலண்டர், இரண்டு மாதம் எல்லாம் வேண்டாம். அன்றைக்கே டெலி மானஸ் 14416க்குக் கூப்பிடுங்கள், 24 மணி நேரமும் தமிழில் பேசுவார்கள். தமிழ்நாட்டில் 104ம் இருக்கிறது.

இனி தூக்கம். இதில்தான் அதிகம் சாதிக்கலாம்.

மூளையில் உடல் சூட்டைக் கவனிக்கிற பகுதி இப்போது தொட்டாற்சிணுங்கி ஆகியிருக்கிறது. முன்பு கொஞ்சம் ஏறினாலும் பொறுத்துக்கொண்டது, இப்போது துளி ஏறினாலே வேர்வையைத் திறந்துவிடுகிறது. ஆகவே படுக்கையில் சூடு சேராமல் பார்க்க வேண்டும். ரெக்சின் உறை போட்ட மெத்தையும் பாலியெஸ்டர் நைட்டியும் முதல் எதிரிகள். மெத்தை மேல் கெட்டியான பருத்தி விரிப்பு, அதன் மேல் உங்கள் பக்கம் மட்டும் ஒரு துண்டு. தலைமாட்டில் மாற்று நைட்டியும் ஒரு சொம்பு தண்ணீரும் இருக்கட்டும். நனைந்து எழுந்தால் இருட்டிலேயே துண்டை உருவி, நைட்டி மாற்றிப் படுத்துவிடலாம். டியூப் லைட்டைப் போட்டு பீரோவைத் திறந்து நின்றால் தூக்கம் அதோடு போச்சு. சாப்பாடு படுப்பதற்கு இரண்டரை மணி நேரம் முன்னால் முடியட்டும், இரவில் காரக் குழம்பு வேண்டாம். காபியின் வீரியம் பாதியாகக் குறையவே சுமார் 5 மணி நேரம் ஆகும். மாலை 4 மணி ஃபில்டர் காபி ராத்திரி 9 மணிக்கும் உள்ளே பாதி இருக்கிறது என்று அர்த்தம். மதியம் 2 மணியோடு நிறுத்துங்கள்.

வேர்வை நின்ற பிறகும் சிலருக்கு 3 மணி விழிப்பு மட்டும் பழக்கமாக ஒட்டிக்கொள்ளும். காரணம் நாமே அதற்குக் கொடுக்கிற வேலை. விழித்ததும் மணி பார்ப்பது, "எப்படியும் தூக்கம் வரல, கொண்டைக்கடலையாவது ஊறப் போடுவோம்" என்று அடுப்படிக்குப் போவது. நாலு நாள் இப்படிச் செய்தால் 3 மணியை உடம்பு ஷிஃப்ட் ஆரம்பம் என்று நினைத்துக்கொள்ளும். கடிகாரத்தைத் திருப்பி வையுங்கள். இருபது நிமிஷம் போல ஆகியும் தூக்கம் வரவில்லை என்று தோன்றினால் எழுந்து ஹாலில் மங்கிய வெளிச்சத்தில் சும்மா உட்காருங்கள், கண் சொக்கும்போது திரும்பிப் போங்கள். போன் கூடாது, வேலையும் கூடாது.

இன்னும் சரியாகாவிட்டால் படுக்கை நேரத்தையே சுருக்க வேண்டும். கேட்க முரணாக இருக்கும். காலண்டர்படி நீங்கள் சராசரி ஐந்தரை மணி தூங்குகிறீர்கள், ஆனால் ஒன்பதரைக்கே படுத்து ஐந்தரைக்கு எழுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டு மணி நேரப் படுக்கையில் இரண்டரை மணி புரண்டது. அதற்குப் பதில் பதினொன்றரைக்குப் படுத்து அதே ஐந்தரைக்கு எழுங்கள், ஞாயிற்றுக்கிழமையும். படுத்த நேரத்தில் 85 சதவீதம் தூங்க ஆரம்பித்ததும் வாரம் கால் மணி முன்னதாகப் படுக்கலாம். முதல் வாரம் பகலில் கண் எரியும், எரிச்சல் கூடும், பலர் அந்த இடத்தில்தான் விட்டுவிடுவார்கள். படுக்கை நேரத்தை ஐந்தரை மணி நேரத்துக்குக் கீழே ஒருபோதும் சுருக்காதீர்கள். வலிப்பு நோய், இருமுனை மனநோய் உள்ளவர்களும், வண்டி ஓட்டுவதே வேலையாக உள்ளவர்களும் டாக்டரைக் கேட்காமல் செய்யக் கூடாது. தெரிந்தவர் சொன்னார் என்று மெடிக்கலில் தூக்க மாத்திரை வாங்கிப் போடுவது மட்டும் வேண்டவே வேண்டாம். இரண்டு மூன்று வாரத்திலேயே அது இல்லாமல் தூங்க முடியாத நிலை வரலாம்.

பகலில் குப்பென்று சூடு ஏறும்போது நெஞ்சு படபடக்கும். மனசு அந்தப் படபடப்பைப் பயம் என்றோ கோபம் என்றோ பெயர் வைத்துக்கொள்கிறது, எதிரில் நிற்கிற பிள்ளை மாட்டிக்கொள்கிறது. "இது சூடு, அஞ்சு நிமிஷத்துல போயிடும்" என்று உள்ளுக்குள் சொல்லிக்கொள்வது அற்பமாகத் தெரியலாம். சி.பி.டி. என்ற பேச்சுச் சிகிச்சை இந்த விஷயத்தில் சொல்லித் தருவது ஏறக்குறைய இதைத்தான். சூடு வரும் தடவைகள் பெரிதாகக் குறையாது, அது உங்களை ஆட்டுவது குறையும். அடுப்பைச் சிம்மில் வைத்து, கழுத்திலும் மணிக்கட்டிலும் ஈரத்துணி வைத்து, ஜன்னல் பக்கம் நில்லுங்கள். அந்த ஐந்து நிமிஷத்தில் எந்த வாக்குவாதத்துக்கும் பதில் சொல்வதில்லை என்று ஒரே ஒரு விதி. "அம்மாவுக்கு அஞ்சு நிமிஷம் குடு, அப்புறம் பேசறேன்" என்ற வாக்கியத்தை நல்ல நாளிலேயே பிள்ளைகளிடம் சொல்லிப் பழக்குங்கள். ஆனால் படபடப்போடு நெஞ்சு வலி, இடது கை வலி, மூச்சிரைப்பு, மயக்கம் வந்தால் மெனோபாஸ் என்று உட்காராமல் உடனே இ.சி.ஜி. எடுக்கப் போங்கள்.

வீட்டுக்காரரிடம் "என்னைப் புரிஞ்சுக்கங்க" என்று சொல்லிப் பலனில்லை. அவருக்கு அதில் என்ன செய்ய வேண்டும் என்று தெரியாது. வேலையாகக் கேளுங்கள்: "ஏங்க, தூக்கம் சரியாகிற வரைக்கும் காலையில டிபன் பாக்ஸ் நீங்க கட்டிடுங்க, அரை மணி லேட்டா எழுந்துக்கறேன்." இந்த வயதில்தான் மகளின் பன்னிரண்டாம் வகுப்பும் மாமியாரின் முழங்கால் வலியும் சேர்ந்தே வருகின்றன. எல்லாவற்றையும் ஹார்மோன் தலையில் போடவும் முடியாது. சில கோபங்கள் நியாயமான கோபங்கள்தான்.

டாக்டரிடம் போகும்போது காலண்டரை போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள். கேட்க வேண்டிய டெஸ்ட்: ரத்த எண்ணிக்கை, ஃபெரிட்டின் (இரும்புச்சத்து இருப்பு), டி.எஸ்.எச். (தைராய்டு), பி12, சர்க்கரை. தைராய்டு கோளாறு அப்படியே பெரிமெனோபாஸ் போல வேஷம் போடும். உதிரம் அதிகம் போகிறவர்களுக்கு இரும்புச்சத்து வற்றி, அதுவே களைப்பையும் சிடுசிடுப்பையும் தரும். மணிக்கு ஒரு நாப்கின் நனைந்தாலோ, 7 நாளுக்கு மேல் நீண்டாலோ ஸ்கேன் தேவை.

ஹார்மோன் சிகிச்சை என்றாலே கேன்சர் என்ற பயம் 2002ல் அமெரிக்காவின் பெரிய ஆய்வு ஒன்று பாதியில் நிறுத்தப்பட்டபோது பரவியது. அதில் இருந்த பெண்களின் சராசரி வயது 63. ஆபத்து இல்லவே இல்லை என்பதல்ல. 60க்குக் கீழே, பீரியட்ஸ் நின்று 10 வருடத்துக்குள் ஆரம்பிக்கிறவர்களில் பெரும்பாலோருக்கு நன்மைதான் கனக்கிறது என்பது இன்றைய நிலைப்பாடு. கர்ப்பப்பை உள்ளவர் ஈஸ்ட்ரோஜனைத் தனியாக எடுக்கக் கூடாது, அதன் உட்சுவர் தடித்துக் கேன்சராக மாறும் ஆபத்து உண்டு. கூடவே புரோஜெஸ்டிரோன் வேண்டும், அதை இரவில் போட்டால் தூக்கத்துக்கும் உதவும். அதற்குப் பதிலாகத் தருகிற செயற்கைப் புரோஜெஸ்டோஜன் மாத்திரைகள் சிலருக்கு மனசை இன்னும் கீழே தள்ளும். மாத்திரை ஆரம்பித்த பிறகு அழுகை கூடினால் தாங்கிக்கொண்டிருக்காமல் வகையை மாற்றச் சொல்லுங்கள். பலன் தெரிய மூன்று மாதம் கொடுக்க வேண்டும். மார்பகப் புற்றுநோய், ரத்தக் கட்டி, பக்கவாதம், மாரடைப்பு வந்தவர்களுக்கும், காரணம் தெரியாத உதிரப்போக்கு உள்ளவர்களுக்கும் இது பொதுவாக ஆகாது.

காலண்டரில் பார்த்த இரண்டாவது, மூன்றாவது சாயலுக்கு எஸ்.எஸ்.ஆர்.ஐ. என்ற மனச்சோர்வு மருந்து வகை மாத்திரைகள் உண்டு. மனச்சோர்வுக்குப் பலன் தெரிய இரண்டு முதல் ஆறு வாரம் ஆகும், நல்லாகிவிட்டது என்று பட்டென்று நிறுத்தக் கூடாது. டமாக்சிஃபென் (மார்பகப் புற்றுநோய் மாத்திரை) சாப்பிடுகிறவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும், இவற்றில் சில அதன் வேலையைக் கெடுக்கும்.

நடையும் யோகாவும் மனசுக்கும் தூக்கத்துக்கும் நல்லது, ஆனால் வேர்வையைக் குறைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். யூடியூபில் விற்கிற "ஹார்மோன் பேலன்ஸ்" பவுடர்களுக்குக் காசை அழாதீர்கள்.

"கர்ப்பப்பையை எடுத்துட்டா எல்லாம் சரியாயிடும்" என்று யாராவது சொன்னால், சூலகமும் (கருமுட்டை உண்டாகும் உறுப்பு) சேர்த்து எடுப்பார்களா என்று முதலில் கேளுங்கள். அதையும் எடுத்தால் சில வருடங்களில் நடக்க வேண்டியது ஒரே நாளில் நடக்கும், மனசுக்கு அதுதான் இன்னும் பெரிய அடி. கோபத்துக்கும் அழுகைக்கும் அறுவைச் சிகிச்சை மருந்தே அல்ல.

கடைசியாக, கேட்கக் கூச்சப்படுகிற விஷயம் ஒன்று. இந்தக் கட்டத்தில் கர்ப்பம் தரிக்க முடியும், ஹார்மோன் சிகிச்சை கருத்தடையாக வேலை செய்யாது. 50க்கு முன் பீரியட்ஸ் நின்றால் இன்னும் இரண்டு வருடம், 50க்குப் பின் நின்றால் ஒரு வருடம் கருத்தடை தேவை. இரண்டு மாதம் தள்ளிப்போய், கூடவே குமட்டலும் அழுகையுமாக இருந்தால், நின்றுவிட்டது என்று முடிவு கட்டும் முன் ஒரு பிரெக்னென்சி கார்டு வாங்கிப் பாருங்கள்.