எல்லாக் கேள்விக்கும் 'ஆமாம்' என்கிறார்களே!

கேள்வி: போட்ஸ்வானாவில் ஓர் ஆலோசனை நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். வெளிநாட்டு நிதியில் நடந்த சுகாதாரத் திட்டம் ஒன்றை மதிப்பீடு செய்ய, 70 கேள்விகள் கொண்ட படிவத்தோடு ஊர் ஊராகப் போகிறேன். எதைக் கேட்டாலும் சிரித்தபடி 'ஆமாம், நல்லது' என்கிறார்கள். 'பூர்வகுடி அணுகுமுறையையும் சேர்க்கவும்' என்று தலைமையகத்திலிருந்து ஒரு வரி வந்திருக்கிறது. எங்கே தொடங்குவது?
- வாசகி, கேபரோன்

பதில்: அந்த 'ஆமாம்' எனக்கு நன்றாகப் பழக்கம். பல வருடங்களுக்கு முன் தருமபுரிப் பக்கம் குடிநீர்த் திட்டம் ஒன்றுக்காக இப்படித்தான் படிவத்தோடு அலைந்தேன். ஒரு பாட்டி எல்லாவற்றுக்கும் "நல்லாத்தான் இருக்குது சாமி" என்றார். பேனாவை மூடிப் பைக்குள் போட்டேன். மோர் கொண்டுவந்து கொடுத்தவர், "ராத்திரி ரெண்டு மணிக்குத்தான் கொழாயில தண்ணி வருது" என்றார். படிவத்தில் 'குழாய் உண்டா?' என்றுதான் இருந்தது. எத்தனை மணிக்கு என்று எழுத அதில் இடமே இல்லை.

சரி, நீங்கள் இருக்கும் ஊரிலேயே வழி இருக்கிறது. போட்ஸ்வானா பல்கலைக்கழகப் பேராசிரியர் பகேலே சிலிசா இந்தப் பூர்வகுடி அணுகுமுறை பற்றி, அதாவது ஊர் மக்களின் பார்வையிலிருந்தே ஆய்வைத் தொடங்குவது பற்றி, நிறைய எழுதியிருக்கிறார். அங்கே நடந்த எச்.ஐ.வி. ஆய்வுகளை அலசியபோது அவர் சுட்டிக்காட்டியது இது: மக்கள் நோய்க்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்கள், அது எதனால் வருகிறது என்று நினைக்கிறார்கள் என்பதற்குக் கேள்வித்தாளில் இடமில்லை. அதனால் அவர்கள் சொன்னது 'அறியாமை' என்ற கணக்கில் போய்ச் சேர்ந்தது. ஆகவே 70 கேள்விகளை அங்குள்ள மொழியான செட்ஸ்வானாவில் மொழிபெயர்த்தால் மட்டும் போதாது. 'இந்தத் திட்டம் நல்லபடியாக நடந்திருந்தால் உங்கள் வீட்டில் என்ன மாறியிருக்கும்?' என்று முதலில் அவர்களையே சொல்லவிடுங்கள். உங்கள் அளவுகோல் அந்தப் பதிலிலிருந்துதான் வரவேண்டும்.

இதற்கு அங்கே கோட்லா என்ற ஊர்ச்சபை இருக்கிறது. ஊர்த் தலைவரான கோசியிடம் முதலில் சொல்லிவிட்டுப் போங்கள். 'கோட்லாவில் பேசும் சொல் எல்லாம் அழகு', அதாவது அங்கே யாரும் மனம்விட்டுப் பேசலாம் என்று செட்ஸ்வானாவில் ஒரு பழமொழியே உண்டு.

ஆனால் அதிலேயே மயங்கி நின்றுவிடாதீர்கள். நம் ஊர் ஆலமரத்தடிப் பஞ்சாயத்தில் யார் உட்கார்ந்தார்கள், யார் ஓரமாக நின்றார்கள் என்று உங்களுக்குத் தெரியாததல்ல. கோட்லாவிலும் ஒரு காலத்தில் பெண்களுக்குப் பேச்சு இல்லை. இன்று பேசுகிறார்கள், 2003-இல் மோசாடி செபோகோ என்ற பெண் பாலேட்டே இன மக்களின் பெருந்தலைவராகவே முறைப்படி முடிசூட்டப்பட்டார். ஆனாலும் பெரியவர்கள் முன்னால் பதினெட்டு வயதுப் பெண் கருத்தடை பற்றி வாய் திறப்பாளா? அவளை வேறொரு நாள், வேறொரு மர நிழலில் சந்தியுங்கள். கோலமாவைத் தரையில் கொட்டி 'உன் ஊரை வரைந்து காட்டு' என்று கேட்கும் முறை தென்னிந்தியக் கிராமங்களில் 1990-களிலேயே நன்றாக வேலை செய்தது. அங்கே மணலும் குச்சியும் போதும்.

இன்னொன்று. 'பூர்வகுடி' என்றால் யார்? போட்ஸ்வானாவைப் பொறுத்தவரை, உலக அரங்கில் அந்தச் சொல் பெரும்பாலும் குறிப்பது காலங்காலமாக வேட்டையாடி வாழ்ந்த, பசார்வா எனப்படும் சான் மக்களை; போட்ஸ்வானா அரசோ குடிமக்கள் எல்லோருமே பூர்வகுடிகள் என்கிறது. உங்கள் ஊர்களில் சான் குடும்பங்கள் இருந்தால், பெரும்பான்மையினரின் சபையில் அவர்கள் குரல் கேட்டுவிடும் என்று நம்பாதீர்கள். தென்னாப்பிரிக்க சான் மக்கள் 2017-இல் ஆய்வாளர்களுக்கென்று ஒரு நெறிமுறையே வெளியிட்டார்கள். ஜன்னல் வழியாக நுழையாமல் வாசல் வழியாக வாருங்கள் என்பதுதான் அவர்கள் கேட்பது. தேடிப் படியுங்கள், சிறியதுதான்.

தலைமையகத்தை எப்படிச் சம்மதிக்க வைப்பது? அவர்கள் பிடித்துக்கொண்டிருக்கும் பொருத்தம், தாக்கம், நிலைத்தன்மை வகையறா அளவுகோல்கள், பெரும்பாலும் பணக்கார நாடுகளின் பொருளாதாரக் கூட்டமைப்பான ஓ.இ.சி.டி. 1991-இல் வகுத்தவை. 2019-இல் அவற்றைத் திருத்தி ஆறாக்கியபோது, இயந்திரத்தனமாகப் பயன்படுத்தாதீர்கள், சூழலைப் பார்த்து யோசித்துப் பயன்படுத்துங்கள் என்று அந்த அமைப்பே சொல்லிவிட்டது. தலைமையகத்துக்கு நீங்கள் எழுதும் கடிதத்தின் முதல் பத்தியிலேயே இதைப் போடுங்கள். அப்புறம், அறிக்கை இறுதியாவதற்கு முன் அதே ஊருக்குத் திரும்பிப் போய் வாசித்துக் காட்ட இரண்டு நாள் பயணச் செலவைப் பட்ஜெட்டில் இப்போதே சேர்த்துவிடுங்கள். பிறகு கேட்டால் கிடைக்காது, நான் பட்டிருக்கிறேன்.

கோட்லாவுக்குப் பேன்ட் போட்டுக்கொண்டு போகாதீர்கள். பெண்கள் பாவாடையோ கவுனோ அணிந்து வருவதுதான் வழக்கம். சேலை சரிப்படுமா என்று கோசி வீட்டிலேயே கேட்டுவிடுங்கள். பேச்சைத் தொடங்கவும் அது நல்ல சாக்கு.