குறைந்த பட்ஜெட்டில் மான் வேட்டைக்கு ஸ்கோப்: கேள்வி-பதில்

கேள்வி: மான் வேட்டைக்கான உரிமம் இந்த ஆண்டுதான் முதன்முறையாகக் கைக்கு வந்திருக்கிறது. மாமனார் கொடுத்த .308 (குண்டின் விட்டம், அங்குலத்தில்) போல்ட் ரைஃபிள் இருக்கிறது, ஸ்கோப் (மேலே மாட்டிக் குறிபார்க்கும் தொலைநோக்கி) இல்லை. நான் போகப்போவது மரம் அடர்ந்த இடம். 150 கெஜத்துக்கு மேல் பார்வையே போகாது. கடையில் ஒரே விலைக்கு இரண்டு ஸ்கோப் காட்டினார்கள். ஒன்று சாதாரண 3-9×40. மற்றொன்று 6-24×50, குறுக்குக் கோட்டில் பச்சை, சிவப்பு விளக்கு எரிகிறது, மேலே லேசர் இருக்கிறது, மாட்டும் வளையங்களும் இலவசம். கையில் இருப்பது கொஞ்சப் பணம். எதை வாங்குவது?

பதில்: முதலாவதை. யோசிக்கவே வேண்டாம்.

ஒரே விலையில் இரண்டு பொருள் இருந்து, ஒன்றில் மட்டும் விளக்கு, லேசர், வளையம் எல்லாம் சேர்ந்து வந்தால், அந்தச் செலவை எங்கிருந்தோ பிடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். பிடித்த இடம் கண்ணாடியும் உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கும்தான். வெளியில் தெரியாத அந்த இரண்டுக்காகத்தான் நீங்கள் ஸ்கோப்புக்குக் காசு கொடுக்கிறீர்கள்.

எண்களின் கணக்கு இதுதான். 3-9 என்பது எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது. 40 என்பது முன் லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில். மானின் இதயமும் நுரையீரலும் இருக்கும் பகுதி ஏறக்குறைய 8 அங்குல அகலம், ஒரு சாப்பாட்டுத் தட்டு மாதிரி. அந்தத் தட்டை 100 கெஜத்தில் வைத்து 4 மடங்கில் பார்த்தால், வெறுங்கண்ணால் 25 கெஜத்தில் பார்ப்பது போல இருக்கும். உங்கள் காட்டுக்கு அது தாராளம். 24 மடங்கு, நின்று நிதானமாக அட்டையில் துளை போடுகிறவர்களுக்கு உதவும். உங்களுக்கு அது தொந்தரவு.

தொந்தரவு என்று சொல்லக் காரணம், பெருக்கம் ஏற ஏறப் பார்க்கும் பரப்பு சுருங்கும். 3-இல் வைத்தால் 100 கெஜத்தில் 30 அடிக்கு மேல் அகலம் தெரியும். 9-இல் 11 முதல் 14 அடி. 24-இல் ஐந்து அடி அளவுதான். மான் பாதி தூரத்தில் நின்றால் இந்த எண்ணும் பாதியாகிவிடும். என் முதல் பருவத்தில் இதை அனுபவித்திருக்கிறேன். முந்தின நாள் சுட்டுப் பழகியபோது ஸ்கோப்பை 9-இல் வைத்தவன், திருப்பிக் குறைக்க மறந்துவிட்டேன். காலையில் முப்பது தப்படி தூரத்தில், புதரை விலக்கிக்கொண்டு ஒரு கொம்பு மான் வந்து நின்றது. துப்பாக்கியைத் தோளில் ஏற்றிக் கண்ணை வைத்தால், வட்டம் முழுக்கப் பழுப்பு ரோமம். தோளா, வயிறா, பின்தொடையா, ஒன்றும் தெரியவில்லை. சுடாமல் இறக்கினேன். அவசரப்பட்டு விசையை இழுத்திருந்தால் குடலில் குண்டு வாங்கிய அந்த மான் ராத்திரி முழுக்க எங்கேயாவது கிடந்து துடித்திருக்கும். அதை நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது. அன்றிலிருந்து காட்டுக்குள் நடக்கும்போது ஸ்கோப் எப்போதும் 3-இல்தான். தூரத்தில் மான் தெரிந்தால் திருப்பிக்கொள்ள நேரம் கிடைக்கும். பக்கத்தில் வந்தால் கிடைக்காது. உங்கள் கடைக்காரர் காட்டிய இரண்டாவது ஸ்கோப்பை 6-க்குக் கீழே இறக்கவே முடியாது என்பதையும் கவனியுங்கள்.

சரி, 3-9×40 என்று எழுதிய எல்லாம் ஒன்றா என்றால் இல்லை. வாங்கும் முன் சிலவற்றைப் பாருங்கள். முதலில் லென்ஸ் பூச்சு. பூச்சில்லாத கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பிலும் வெளிச்சத்தில் சுமார் 4 சதவீதம் திரும்பிப் போய்விடும். ஸ்கோப்புக்குள் அப்படிப் பத்துப் பன்னிரண்டு பரப்பு இருக்கலாம். பூச்சே இல்லாமல் 12 பரப்பைத் தாண்டும் வெளிச்சம் நூற்றுக்கு அறுபது பங்காகத்தான் கண்ணுக்கு வந்து சேரும். பெட்டியில் ‘ஃபுல்லி மல்ட்டி கோட்டட்’ என்று முழுதாக இருக்க வேண்டும். அப்படியென்றால் எல்லாப் பரப்பிலும் பல அடுக்குப் பூச்சு. வெறும் ‘கோட்டட்’ என்றால் ஏதோ ஒரு பரப்பில் ஒரு அடுக்கு இருந்தாலும் பொய்யாகாது. முன் லென்ஸ் மாணிக்கக்கல் மாதிரி பளபளவென்று சிவந்திருந்தால் கீழே வைத்துவிடுங்கள். சிவப்பைத் திருப்பி அனுப்பிவிட்டு மீதியைத்தான் உங்களுக்குக் காட்டும்.

அடுத்து, கண்ணுக்கும் பின் லென்ஸுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளியில் முழு வட்டம் தெரிகிறது என்பது. .308-க்கு மூன்றரை அங்குலத்துக்குக் குறையக் கூடாது. குறைந்தால், சுட்டதும் துப்பாக்கி பின்னுக்கு உதைக்கும்போது ஸ்கோப்பின் விளிம்பு புருவத்தைப் பிளக்கும். பிறைநிலா மாதிரி தழும்போடு திரிகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள்.

குறுக்குக் கோடு, ஓரத்தில் தடித்தும் நடுவில் மெலிந்தும் இருக்கும் சாதாரண டூப்ளெக்ஸ் வகை போதும். லியூபோல்ட் நிறுவனம் 1962-இல் கொண்டுவந்த அமைப்பு இது; அறுபது ஆண்டுக்கு மேல் ஆகியும் மான் வேட்டைக்காரர்கள் விடவில்லை. மெல்லிய கோடுகளும் புள்ளிகளும் நிறைந்த கிறிஸ்துமஸ் மர வகை, கருக்கலில் கண்ணுக்கே தெரியாது.

அப்புறம், பணம் முழுவதையும் ஸ்கோப்பிலேயே போட்டுவிடாதீர்கள். ஸ்கோப்பைத் துப்பாக்கியோடு பிணைக்கும் நல்ல அடித்தகடும் வளையங்களும், குறி சரிபார்க்க இரண்டு பெட்டித் தோட்டாவும் வாங்க ஒதுக்கிவிட்டு, மீதியில் ஸ்கோப் எடுங்கள். அந்த இலவச வளையத்தை நம்பி மான் மீது சுட வேண்டாம்.

கேள்வி: மான் வருவதே விடியலிலும் அந்தியிலும்தான். முன் லென்ஸ் 50 மி.மீ. இருந்தால் அதிக வெளிச்சம் கிடைக்கும், ஸ்கோப்பின் குழல் 30 மி.மீ. இருந்தால் இன்னும் அதிகம் என்கிறார்கள். 40-ஐ விட்டு அதற்குப் போகலாமா?

பதில்: குறைந்த பட்ஜெட்டில் போக வேண்டாம்.

ஒரு சின்ன வகுத்தல் செய்து பாருங்கள். முன் லென்ஸ் விட்டத்தைப் பெருக்கத்தால் வகுத்தால், கண்ணுக்கு வந்து விழும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 40-ஐ 9-ஆல் வகுத்தால் 4.4 மி.மீ. அதே ஸ்கோப்பை 6-க்குக் குறைத்தால் 6.7 மி.மீ. இருட்டில் இளவயதுக்காரரின் கண்மணி 7 மி.மீ. வரை விரியும், வயதாக ஆகச் சுருங்கி 5 பக்கம் வந்துவிடும். ஆக, மங்கலாகத் தெரிகிறதென்றால் பெருக்கத்தைக் குறையுங்கள், வட்டம் வெளிச்சமாகும். காசு செலவில்லாத வழி இது. 50-ஐ 24-ஆல் வகுத்துப் பாருங்கள், 2.1 தான் வருகிறது. எவ்வளவு பெரிய முன் லென்ஸ் வைத்தாலும் அந்தியில் இருட்டுத்தான்.

முன் லென்ஸ் பெரிதானால் ஸ்கோப்பை உயரமாக மாட்ட வேண்டும். உயர்ந்தால் கன்னம் துப்பாக்கிக் கட்டையில் படியாது, தலையைத் தூக்கிக்கொண்டே பார்க்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் கண் வேறு இடத்தில் நிற்கும். மான் வேட்டையில் இது பெரிய நஷ்டம். குழல் 30 மி.மீ. என்பதற்கும் வெளிச்சத்துக்கும் சம்பந்தம் இல்லை. குறியை மேலும் கீழும் நகர்த்த அதிக இடம் கிடைக்கும், அவ்வளவுதான். 150 கெஜத்துக்குள் சுடுகிறவருக்கு அந்த இடம் தேவைப்படாது.

கடையில் குழல் விளக்கு வெளிச்சத்தில் பார்த்தால் எல்லா ஸ்கோப்பும் நன்றாகத்தான் இருக்கும். வெளிச்சம் விழும் நேரத்தில் போய், வாசலுக்கு எடுத்து வந்து பார்க்க முடியுமா என்று கேளுங்கள். ஸ்கோப்பைத் தனியாகக் கையில் பிடித்து, எதிரே ஏதாவது மரத்தடி நிழலைப் பாருங்கள். நிழலுக்குள் இருக்கும் பட்டையின் வெடிப்பு தெரிகிறதா, ஓரங்கள் மசமசவென்று ஆகின்றனவா, பக்கத்தில் தெருவிளக்கு இருந்தால் வட்டம் பால் ஊற்றியது போல வெளுக்கிறதா. இரண்டு நிமிடத்தில் இரண்டு ஸ்கோப்புக்கும் உள்ள வித்தியாசம் புரிந்துவிடும். சூரியன் பக்கம் மட்டும் திருப்பாதீர்கள்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். அசைவது என்ன என்று பார்க்க ஸ்கோப்பைத் தூக்காதீர்கள். ஸ்கோப் போகும் இடமெல்லாம் துப்பாக்கியின் குழல்வாயும் போகிறது; அங்கே இருப்பது இன்னொரு வேட்டைக்காரராக இருக்கலாம். பார்ப்பதற்குச் சின்ன பைனாகுலர் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். மானும் அதன் பின்னால் இருப்பதும் தெளிவாகத் தெரியாத நேரத்தில், எந்த ஸ்கோப் இருந்தாலும் சுடக் கூடாது.

கேள்வி: நல்ல நிறுவனத்தின் பழைய ஸ்கோப் பாதி விலைக்கு வருகிறது. வாங்கலாமா?

பதில்: வாங்கலாம். புதிய மலிவு ஸ்கோப்பை விடப் பழைய நல்ல ஸ்கோப் மேல் என்பது என் அபிப்பிராயம். முக்கியமாக, 4 அல்லது 6 மடங்கில் மாறாமல் நிற்கும் பழைய ஸ்கோப் கிடைத்தால் விடாதீர்கள். உள்ளே லென்ஸும் நகரும் பாகமும் குறைவு, கெடுவதற்கும் குறைவாகவே இருக்கும்.

கையில் வாங்கியதும் குழலை விரலால் தடவுங்கள். வளையம் அழுத்திய மெல்லிய தடம் பரவாயில்லை. பள்ளம் இருந்தால் வேண்டாம். வெள்ளைச் சுவரைப் பார்த்து உள்ளே புகை படிந்தது போல இருக்கிறதா என்று கவனியுங்கள். ஈரம் புகாமல் இருக்க உள்ளே நைட்ரஜனோ ஆர்கானோ அடைத்திருப்பார்கள். உள்ளே மூட்டம் தெரிந்தால் அடைப்பு போய்விட்டது. லேசாகக் குலுக்கிக் காதில் வையுங்கள், ஏதும் ஆடக் கூடாது. குறியை நகர்த்தும் திருகிகள் இரண்டும் ஒவ்வொரு கிளிக்கிலும் அழுத்தமாக நிற்க வேண்டும், குழைந்து சுற்றக் கூடாது.

உத்தரவாதம் முக்கியம். வோர்டெக்ஸ், லியூபோல்ட் போன்ற நிறுவனங்கள், யார் கையில் இருந்தாலும் ரசீது கேட்காமல் தங்கள் ஸ்கோப்பைப் பழுது பார்த்துக் கொடுக்கின்றன. ஆனால் பெயர் பெற்ற நிறுவனங்களின் போலிகளும் சந்தையில் உலவுகின்றன. பணம் கொடுக்கும் முன் வரிசை எண்ணை நிறுவனத்திடம் கேட்டு உறுதி செய்யுங்கள்.

கேள்வி: புது ஸ்கோப் மாட்டி ஒரு பெட்டித் தோட்டா தீர்ந்துவிட்டது. குறி நிற்கவே இல்லை, ஒரு தடவை இடது, ஒரு தடவை மேலே. ஸ்கோப்பைத் திருப்பிக் கொடுத்துவிடவா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள். ஸ்கோப் கெட்டிருக்கலாம்தான், ஆனால் முதலில் திருகுகளைச் சந்தேகப்படுங்கள்.

துப்பாக்கி காலி என்று இரண்டு தடவை பார்த்துவிட்டு ஸ்கோப்பைக் கழற்றுங்கள். அடித்தகட்டின் திருகுகள் பலவற்றில் ஆலை எண்ணெய் அப்படியே இருக்கும். துடைத்து, எண்ணெய் நீக்கி, மறுபடி இறுக்குங்கள். வளையத்துக்குள்ளும் எண்ணெய் கூடாது. வளையத் திருகுகளுக்குப் பொதுவாக 15 முதல் 18 இன்ச்-பவுண்ட் முறுக்கு விசை போதும். வளையம் செய்தவர் வேறு எண் கொடுத்திருந்தால் அதுதான் கணக்கு. பலம் கொண்ட மட்டும் இறுக்கினால் குழல் நசுங்கி, உள்ளே திருகி நகராமல் சிக்கிக்கொள்ளும். இறுக்கும் முன், வேட்டைக்குப் போடும் அதே தடித்த சட்டையைப் போட்டுக்கொண்டு, பெருக்கத்தை உச்சத்தில் வைத்து, கண்ணை மூடித் துப்பாக்கியைத் தோளில் ஏற்றிப் பிறகு திறங்கள். ஓரத்தில் கறுப்பு வளையம் இல்லாமல் முழு வட்டம் தெரியும் இடம்தான் ஸ்கோப் நிற்க வேண்டிய இடம்.

அடுத்து 25 கெஜத்தில் தொடங்குங்கள், 100-இல் வேண்டாம். போல்ட்டைக் கழற்றி, துப்பாக்கியை மணல் மூட்டைமேல் அசையாமல் வைத்து, துப்பாக்கிக் குழல் வழியாக இலக்கின் கறுப்புப் பொட்டைப் பாருங்கள். அது குழலின் நடுவில் இருக்கும்போதே, துப்பாக்கி நகராமல், குறுக்குக் கோட்டைத் திருகி அதே பொட்டுக்குக் கொண்டுவாருங்கள். இப்போது சுட்டால் அட்டையிலாவது விழும். கால் எம்ஓஏ (எம்ஓஏ என்பது கோண அளவு, 100 கெஜத்தில் ஏறக்குறைய ஒரு அங்குலம்) திருகியில் ஒரு கிளிக், 100 கெஜத்தில் கால் அங்குலம் நகர்த்தும். 25 கெஜத்தில் அதில் நாலில் ஒரு பங்குதான். அதனால் அங்கே ஒரு அங்குலம் நகர்த்த 16 கிளிக் வேண்டும். நிறையப் பேர் நாலு கிளிக் திருகிவிட்டு, ஸ்கோப் நகரவில்லை என்று கடைக்கு ஓடுவது இதனால்தான். ஒவ்வொரு குண்டுக்கும் திருகிக்கொண்டே இருக்காமல், மூன்று சுட்டு, மூன்றின் நடுவைப் பார்த்துத் திருகுங்கள்.

100 கெஜத்துக்குப் போனதும் .308-இல் பொட்டுக்கு இரண்டு அங்குலம் மேலே விழும்படி வைத்துவிட்டால், சாதாரண 150 கிரெய்ன் எடையுள்ள குண்டு 200 கெஜம் பக்கத்தில் குறிக்கே வந்து நிற்கும். காட்டில் போய்த் திருகியைத் தொடவே வேண்டாம்.

இவ்வளவும் செய்தபின் ஸ்கோப்பை ஒரு சதுரம் சுற்ற வையுங்கள். மூன்று குண்டு சுட்டு, 20 கிளிக் வலது, மூன்று குண்டு, 20 மேலே, மூன்று குண்டு, 20 இடது, மூன்று குண்டு, கடைசியாக 20 கீழே, மறுபடி மூன்று குண்டு. முதல் மூன்று துளைக்கே குண்டு திரும்பி வந்தால் ஸ்கோப் நல்லது. வராவிட்டால் அந்த அட்டையைக் கையோடு எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

கேள்வி: வீட்டில் ஏர்கன் ஸ்கோப் ஒன்று சும்மா கிடக்கிறது. அதையே .308-இல் மாட்டினால் செலவு மிச்சம்தானே?

பதில்: மாட்டாதீர்கள். அதன் கண் இடைவெளி .308-இன் உதைக்குப் போதாமல் போகலாம், லென்ஸ் அமைப்பும் கிட்டத் தூரத்துக்காகச் செய்தது. தலைகீழாகவும் செய்ய வேண்டாம்: ஸ்பிரிங் ஏர்கன் பின்னுக்கும் முன்னுக்கும் இரண்டு பக்கமும் உதறும், அதைத் தாங்கும்படி செய்யாத ரைஃபிள் ஸ்கோப்பின் உள்பாகம் விட்டுப்போகும்.