வீட்டுமனை: வாசகர் கேள்வி பதில்

கே: குன்றத்தூர் பக்கம் 1,200 சதுர அடி மனை பார்த்திருக்கிறோம். பட்டா இருக்கிறது, பஞ்சாயத்து அப்ரூவல் என்கிறார்கள். ஆனால் ‘விவசாய நிலம் என்றே பத்திரம் போட்டுக்கொள்ளலாம், வீடு கட்டத் தடையில்லை, பக்கத்தில் நாலு வீடு வந்துவிட்டது’ என்கிறார் புரோக்கர். அட்வான்ஸ் கொடுக்கலாமா?
(வாசகி, போரூர்)

ப: கொடுக்காதீர்கள் அம்மா, இப்போதைக்கு ஒரு ரூபாய்கூட வேண்டாம். பட்டா வருவாய்த்துறை கொடுப்பது. நிலம் யார் பெயரில் இருக்கிறது, நஞ்சையா புஞ்சையா என்பது வரைக்கும்தான் அதில் தெரியும். அங்கே வீடு கட்டலாமா என்பதை முடிவு செய்வது சிஎம்டிஏ, அதாவது சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின் மாஸ்டர் பிளான், அதில் ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் குடியிருப்பு, வணிகம், தொழிற்சாலை, விவசாயம் என்று ஒரு மண்டலம் குறித்திருக்கிறார்கள். பட்டா சுத்தமாக இருக்கும், மண்டலம் விவசாயமாக இருக்கும், அப்புறம் பிளான் அப்ரூவலுக்குப் போய் நிற்கும்போதுதான் விஷயமே தெரியவரும்.

பஞ்சாயத்துத் தலைவர் கையெழுத்துப் போட்ட லேஅவுட் செல்லாது. சென்னைப் பெருநகர்ப் பகுதியில் மனைப்பிரிவுக்கு அனுமதி தர வேண்டியது சிஎம்டிஏ, மற்ற ஊர்களில் டிடிசிபி எனும் நகர் ஊரமைப்பு இயக்ககம். பக்கத்து வீடுகளுக்கு ஈபி இணைப்பும் வீட்டு வரி ரசீதும் இருந்தாலும் அது கட்டட அனுமதி ஆகாது. அனுமதியில்லா மனைகளை முறைப்படுத்தும் திட்டம் இருக்கிறதே என்று சொல்வார்கள், அது 20.10.2016 வரை விற்றுப் பதிவான மனைகளை வைத்து வந்தது, இன்று புதிதாகப் பிரித்து விற்பவருக்கு அது உதவாது. விவசாய நிலம் என்று எழுதச் சொல்வதே மனை என்று எழுதினால் பதிவாகாது என்பதால்தான். அனுமதி இல்லாத மனையை, முன்பே மனையாகப் பதிவாகியிருந்தால் ஒழிய, சார்பதிவாளர் பதியக்கூடாது என்று பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு சொல்கிறது.

நீங்கள் செய்ய வேண்டியது சுலபம். சர்வே எண்ணை உட்பிரிவோடு வாங்குங்கள், உட்பிரிவு முக்கியம், ஒரே எண்ணில் ஒரு துண்டு குடியிருப்பாகவும் அடுத்தது விவசாயமாகவும் இருக்கலாம். சிஎம்டிஏ இணையதளத்தில் கிராமத்தைத் தேர்ந்து எண்ணைப் போட்டால் நிலப் பயன்பாடு தெரிந்துவிடும். விவசாயம் என்று வந்தால், ‘மாற்றித் தருகிறோம்’ என்பார்கள். மாற்ற வழி உண்டு, ஆனால் செய்தித்தாளில் அறிவிப்புக் கொடுத்து, ஆட்சேபம் கேட்டு, அப்புறம்தான் முடிவு, கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை. விற்பவரே மாற்றி, லேஅவுட் அனுமதியும் வாங்கி வரட்டும், அதன்பிறகு விலை பேசலாம்.

கே: எங்கள் லேஅவுட்டில் பூங்காவுக்கு விட்ட இடத்தை மனையாக விற்கிறார்கள். வாங்கலாமா?
(வாசகர், செங்கல்பட்டு)

ப: கூடாது. 10,000 சதுர மீட்டருக்கு மேல் உள்ள லேஅவுட்டில் சாலை போக மீதியில் பத்து சதவீதம் திறந்தவெளியாக விட்டு, தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுத்தாக வேண்டும். எழுதிக் கொடுத்த இடத்தை விற்க லேஅவுட் போட்டவருக்கு உரிமையே கிடையாது. அனுமதி எண்ணோடு இருக்கும் லேஅவுட் வரைபடத்தின் நகலை வாங்கிப் பாருங்கள், பூங்கா என்று போட்டிருந்தால் உள்ளாட்சி அலுவலகத்திலும் டிடிசிபியிலும் எழுத்தில் புகார் கொடுத்து ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். மனை வாங்கிய மற்றவர்களும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் இன்னும் நல்லது, அந்தப் பூங்கா உங்கள் எல்லோருடைய பிள்ளைகளுக்கும் சேர்ந்ததுதானே.