கேள்வி நேரம்: மட்டக்களப்பும் அம்பாறையும்

கேள்வி: மட்டக்களப்பு மாவட்டத்தின் சனத்தொகை அடர்த்தி ஒரு புத்தகத்தில் 185, இன்னொன்றில் 202. மகளின் ஒப்படைக்கு எதை எழுதுவது?
– வாசகி, ஆரையம்பதி

பதில்: 202ஐ எழுதச் சொல்லுங்கள், பக்கத்தில் 'நிலப்பரப்பின்படி' என்று போடவும் சொல்லுங்கள். 2012 குடிசன மதிப்பீட்டில் மாவட்டத்தின் தொகை 526,567. மொத்தப் பரப்பு 2,854 சதுர கி.மீ.; அதில் 244 வாவி, குளம் போன்ற உள்நாட்டு நீர். மொத்தத்தால் வகுத்தால் 185, நீரைக் கழித்து 2,610ஆல் வகுத்தால் 202. வாவிக்கு நடுவில் யாரும் வளவு வைத்திருக்கவில்லையே!

ஆனால் அந்த 202 எந்த ஊருக்கும் பொருந்தாது. எழுவான்கரை, கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணல் திடல். பிரதான வீதி, கடற்றொழில், தென்னை, ஆழமில்லாமலே நன்னீர் ஊறும் மணற் கிணறு எல்லாம் அங்கேயே இருப்பதால் குடியும் அங்கேயே நெருங்கியது. காத்தான்குடியில் சில சதுர கிலோமீற்றருக்குள் 40 ஆயிரத்துக்கு மேற்பட்டோர். வாவிக்கு மேற்கே படுவான்கரையில், அதாவது வவுணதீவு, பட்டிப்பளை, வெல்லாவெளிப் பக்கம், வயலும் குளமும் மேய்ச்சல் தரையும். ஊர்கள் திட்டுத் திட்டாகவே கிடக்கின்றன.

சரி, பிரதேச செயலகப் பிரிவு வாரியாகப் பார்க்கலாமா? அங்கும் வழுக்கும். கிரானும் செங்கலடியும் வீதியோரத்துச் சன நெரிசலில் தொடங்கி மேற்கே காடு வரை போகும் பிரிவுகள். சராசரி எடுத்தால் நெரிசல் மறைந்துவிடும். கிராம சேவகர் பிரிவு வரை இறங்கினால்தான் உண்மை நிலை தெரியும்.

கேள்வி: 1953இல் மட்டக்களப்பில் ஏறத்தாழ 2 இலட்சத்து 70 ஆயிரம் பேர்; 1963இல் 2 இலட்சத்துக்கும் குறைவு. சனம் எங்கே போனது?
– வாசகர், அக்கரைப்பற்று

பதில்: நீங்களே அந்தச் சனம்தான்! 1961இல் மாவட்டத்தின் தென்பாதி அம்பாறை மாவட்டமானது. கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று, பொத்துவில் எல்லாம் அந்தப் பக்கம் போயின. 1963க்கு முந்திய தொகையோடு ஒப்பிட வேண்டுமானால் இரு மாவட்டங்களையும் கூட்டிக்கொள்ளுங்கள். 2001ஐத் தவிர்த்து விடுங்கள். அவ்வருடம் மட்டக்களப்பு முழுமையாக எண்ணப்படவில்லை. 1981க்குப் பிறகு நேரே 2012தான்.

அம்பாறையின் 2012 தொகை 649,402. முஸ்லிம்கள் சுமார் 43 வீதம், சிங்களவர் 39, தமிழர் 17. இதுவும் சராசரிதான்: கரையோரத்தில் முஸ்லிம், தமிழ் ஊர்கள், உள்ளே உகணை, தமண, தெஹியத்தகண்டிய போன்ற சிங்களப் பிரிவுகள். உட்பகுதிக் குடியேற்றத்தின் பெரும்பகுதி 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தோடு வந்தது. கல்லோயா என்பது பட்டிப்பளை ஆறேதான். இங்கினியாகலையில் அதை மறித்துக் கட்டியதே சேனநாயக்க சமுத்திரம். படுவான்கரைப் பட்டிப்பளைப் பிரதேசத்தோடு இந்த ஆற்றைக் குழப்ப வேண்டாம்.

கேள்வி: திகாமடுல்ல எந்த மாவட்டம்?
– வாசகர், திருக்கோவில்

பதில்: உங்களுடையதே. கச்சேரிக்கு, அதாவது மாவட்ட நிர்வாகத்துக்கு அம்பாறை, தேர்தலுக்குத் திகாமடுல்ல. அதற்குள் அம்பாறை, சம்மாந்துறை, கல்முனை, பொத்துவில் என நான்கு தொகுதிகள்.