குற்றம் செய்யும் இயல்பு பிறப்பிலேயே வருகிறதா?

ஒருவர் குற்றவாளி ஆவதற்கு மரபணுவும் மூளையும் காரணமா, வளர்ந்த சூழலும் மனநிலையும் காரணமா என்று கேட்டிருக்கிறீர்கள். இவை ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல, ஒன்றின்மேல் ஒன்று ஏறிச் செயல்படுபவை என்பதே என் பதில்.

உடல்சார்ந்த காரணங்கள் இருப்பதை மறுக்க இயலாது. நெதர்லாந்தைச் சேர்ந்த ஒரு குடும்பத்தில் ஆண்கள் சிலர் சிறு தூண்டுதலுக்கும் மூர்க்கமாகத் தாக்குவதும் தீ வைப்பதுமாக இருந்தனர். மூளையில் செய்தி கடத்தும் செரட்டோனின், டோப்பமின் முதலிய வேதிப்பொருள்களைச் சிதைக்கும் எம்.ஏ.ஓ.ஏ. என்னும் நொதி, ஒரு மரபணுப் பழுதால் அவர்கள் உடலில் செயல்படவே இல்லை என்பதை மரபியலாளர் ஹான் புரூனரின் குழு 1993இல் கண்டறிந்தது. ஆனால் இத்தகைய முழுமையான பழுது மிக மிக அரிது. பரவலாகக் காணப்படுவது அந்த நொதி குறைவாக உருவாகும் மரபணு வகைதான்.

அந்த வகை என்ன செய்கிறது என்பதை நியூசிலாந்தின் டுனீடின் நகரில் 1972-73இல் பிறந்த சுமார் 1,000 பேரைக் குழந்தைப் பருவத்திலிருந்தே தொடர்ந்து கவனித்துவரும் ஆய்வு காட்டியது. உளவியலாளர்கள் காஸ்பி, மோஃபிட் உள்ளிட்டோர் 2002இல் வெளியிட்ட முடிவின்படி, இந்த மரபணு வகையோடு சிறுவயதுக் கொடுமையும் சேர்ந்திருந்தவர்கள் ஆண்களில் 12 விழுக்காடு மட்டுமே. வன்முறைக் குற்றத் தண்டனைகளிலோ அவர்கள் பங்கு 44 விழுக்காடு. அதே மரபணு வகை இருந்தும் கொடுமைக்கு ஆளாகாமல் வளர்ந்தவர்களிடம் அத்தகைய உயர்வு தென்படவில்லை. பின்னர் வந்த ஆய்வுகள் எல்லாம் இதே அளவில் இதனை உறுதிசெய்யவில்லை என்றாலும், கேள்வியைச் சரியான இடத்துக்கு நகர்த்தியது இந்த ஆய்வுதான் என்று நான் கருதுகிறேன்.

கொடுமை மனத்துக்குள் எப்படி வேலை செய்கிறது என்பதைச் சிறுவர்களுக்கான கூர்நோக்கு இல்லம் ஒன்றில் ஆற்றுப்படுத்துநராக இருந்தபோது அருகிலிருந்து பார்த்தேன். சாப்பாட்டு வரிசையில் பின்னால் நிற்பவனின் தட்டு முதுகில் பட்டால், மற்ற பையன்கள் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள், வீட்டில் நாள்தோறும் அடி வாங்கி வளர்ந்த ஒருவன் மட்டும், "வேணும்னுதானே இடிச்ச?" என்று கேட்டு முடிப்பதற்குள் கையை ஓங்கியிருப்பான். தற்செயலானதையும் பகையாகவே வாசிக்கும் இந்தப் பழக்கத்தை கென்னத் டாட்ஜ் முதலிய உளவியலாளர்கள் விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். அடி எப்போது விழும் என்று தெரியாத வீட்டில் அந்த எச்சரிக்கைதான் அவனைக் காப்பாற்றியிருக்கும்.

பிறப்பை மட்டும் காரணமாக்கினால் என்ன நேரும் என்பதற்கு நம் மண்ணிலேயே சான்று உண்டு. 1871இல் இயற்றப்பட்ட குற்றப் பரம்பரைச் சட்டம், 1911இல் திருத்தப்பட்டபோது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஒரு சாதியில் பிறந்தது ஒன்றே கைரேகை பதிவதற்குப் போதுமான காரணமாயிற்று. அதை எதிர்த்த, மதுரைப் பகுதியிலுள்ள பெருங்காமநல்லூர் மக்கள்மீது 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு நடந்தது. இத்தகைய மரபணு ஆய்வு எதுவும் அன்று இல்லை. இன்று ஆய்வுகள் இருக்கின்றன. அவையோ ஒரு சமூகத்தையோ ஒரு குழந்தையையோ பார்த்து, "இவன் குற்றவாளி ஆவான்" என்று சொல்ல இடம் தருவதில்லை.

இந்தக் கேள்வியை எழுப்பும் பெற்றோர் பலருக்கு, தவறு செய்துவிட்ட தம் பதின்பருவப் பிள்ளையைப் பற்றிய அச்சமே உள்ளே இருக்கிறது. உணர்ச்சி வேகத்தை அடக்கும் முன்மூளைப் பகுதி இருபதுகளின் நடுப்பகுதி வரை முதிர்ந்துகொண்டே இருக்கும். பதின்பருவத்தில் சட்டத்தை மீறுபவர்களில் பெரும்பாலோர் வயது ஏறியதும் அதை விட்டுவிடுகிறார்கள் என்பதை மோஃபிட் 1993லேயே விளக்கினார். சிறுவயதிலேயே தொடங்கி, நடுவயதிலும் தொடர்பவர்கள் மிகச் சிலரே.