செட்டிநாட்டு வீட்டில் உடற்பயிற்சிச் சாமான்கள்: கேள்வியும் பதிலும்

காரைக்குடி வட்டாரத்து ஊர்களிலிருந்து வந்த கேள்விகளுக்கான பதில்கள் இவை. பதிலுக்குள் போகும் முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். நம் பக்கத்து வீடுகளில் சாமான் பெரும்பாலும் பூட்டிய அறையில் சும்மா கிடந்துதான் கெடுகிறது. சாமானைப் பார்க்கும் அதே கவனம் அதன் அடியில் இருக்கும் தரைக்கும் சுவருக்கும் வேண்டும். டம்பெல் போனால் கடையில் வாங்கிக்கொள்ளலாம். பாட்டனார் காலத்துத் தரை போனால் அதே நிறமும் பூ வேலைப்பாடும் திரும்பக் கிடைப்பது கஷ்டம்.

கானாடுகாத்தான்: அண்ணே, வளவுப் பத்தியில், அதாவது நடு முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில், ஆத்தங்குடிக் கல் பதித்த தரை. மகன் டம்பெல், பெஞ்ச் எல்லாம் வாங்கி, அடியில் கறுப்பு ரப்பர் மேட் விரித்தான். நாலு மாதம் கழித்துத் தூக்கினால் தரையில் பழுப்பாகக் கறை. சோப்புப் போட்டுத் தேய்த்தும் போகவில்லை.

அது அழுக்கு இல்லை ஆச்சி, அதனால்தான் சோப்புக்குப் போகவில்லை. ரப்பரில் கலந்திருக்கும் எண்ணெய்ப்பசையும் ரசாயனமும் மெல்ல இறங்கித் தரைக்குள் ஊறிவிட்டன. ஆத்தங்குடிக் கல்லைச் சூளையில் சுடுவதில்லை. கண்ணாடித் தகட்டின் மேல் நிறச் சாந்தை ஊற்றி, அதன்மேல் மணலும் சிமெண்டும் இட்டு, தண்ணீரில் ஊறவைத்து இறுக வைக்கிறார்கள். மேலே கண்ணாடிப் பூச்சு கிடையாது. எது பட்டாலும் உறிஞ்சும்.

பேக்கிங் சோடாவைத் தண்ணீர் விட்டு இட்லி மாவுப் பதத்தில் குழைத்துக் கறைமேல் அரை அங்குலக் கனத்துக்குப் பூசுங்கள். பிளாஸ்டிக் தாளால் மூடி ஒரு நாள் விட்டு, பிறகு தாளை எடுத்துவிட்டுத் தானாகக் காயவிடுங்கள். காய்ந்ததும் மரக்கரண்டியால் சுரண்டி எடுத்து ஈரத்துணியால் துடையுங்கள். இரண்டு மூன்று முறை செய்தால் கறை வெளுக்கும். முழுதாகப் போகும் என்று உறுதி சொல்ல முடியாது. பாத்ரூம் ஆசிட், எலுமிச்சை, வினிகர், புளி எதையும் தொடாதீர்கள். புளிப்பு சிமெண்டை அரிக்கும். கறையோடு பூவும் போய்விடும்.

இனி விரிக்கும்போது மூன்று அடுக்காக விரியுங்கள். அடியில் கனமான பருத்தி ஜமுக்காளம், அதன்மேல் 18 மி.மீ. பிளைவுட், அதற்கும் மேல் 8 அல்லது 10 மி.மீ. ரப்பர் மேட். பிளைவுட்தான் இதில் முக்கியம். எடையைப் பரப்பித் தரும், ரப்பர் தரையைத் தொடாமலும் தடுக்கும். மேட்டை விடப் பலகை எல்லாப் பக்கமும் இரண்டு அங்குலம் பெரிதாக இருக்கட்டும். ஈரத்துக்குத் தாங்கும் மரைன் பிளைவுட்டாகக் கேட்டு வாங்குங்கள். மாதம் ஒருமுறை தூக்கிப் பார்த்தால் கரையான் மண் தெரிந்துவிடும். இத்தனை அடுக்கு இருந்தாலும் 20 கிலோ டம்பெல்லை இடுப்பு உயரத்திலிருந்து போட்டால் கல் விரிசல் விடலாம். மகனிடம் சொல்லிவையுங்கள், குனிந்துதான் வைக்க வேண்டும்.

பள்ளத்தூர்: நாங்கள் சென்னையில் இருக்கிறோம். வருடத்தில் இரண்டு மூன்று முறைதான் வீட்டைத் திறப்பது. ராடு, பிளேட், டம்பெல் எல்லாம் ஒவ்வொரு தடவையும் துருப்பிடித்துக் கிடக்கிறது. தேங்காய் எண்ணெய் தடவித்தான் வைத்துவிட்டுப் போகிறோம்.

தேங்காய் எண்ணெய் கூடாது. சில மாதத்தில் சிக்குப்பிடித்துப் பிசுபிசுக்கும், தூசியைச் சேர்க்கும், எறும்பும் எலியும் தேடி வரும். தையல் மிஷின் எண்ணெய் போதும்.

துரு பிடிப்பதற்குக் காரணம் இரண்டு. ஒன்று, கைபட்ட வியர்வையில் இருக்கும் உப்பு இரும்பின் மேலேயே தங்கி, காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கிறது. இன்னொன்று ஐப்பசி கார்த்திகை மழை. பூட்டிய அறையில் அந்த ஈரம் வெளியேற வழியில்லை. சாமான் குளிர்ந்த தரையில் நேராகக் கிடந்தால் இன்னும் மோசம்.

இப்போது இருக்கும் துருவுக்கு: மேலாக இருந்தால் கம்பி பிரஷ் போதும். ஆழமாக இருந்தால் பூச்சு இல்லாத வார்ப்பிரும்பு பிளேட்டுகளை மட்டும் பிளாஸ்டிக் தொட்டியில் வினிகர் ஊற்றி 12 மணி நேரம் மூழ்க வையுங்கள். குரோம் பூசிய கைப்பிடி, ரப்பர் பூசிய டம்பெல் இவற்றுக்கு வினிகர் ஆகாது. ஊறிய பிளேட்டுகளை எடுத்து பிரஷால் தேய்த்து, ஒரு வாளித் தண்ணீரில் ஒரு கைப்பிடி அளவு பேக்கிங் சோடா கலந்து அலசுங்கள். இல்லையென்றால் மிச்சப் புளிப்பே மறுநாள் புதுத் துருவைக் கிளப்பும். உடனே துடைத்து ஒரு மணி நேரம் வெயிலில் வைத்து, சூடு ஆறியதும் எண்ணெய். இந்த வேலை முழுவதும் கொல்லைப்புறத்தில், மண் தரையில். வளவில் வைத்து ஒரு துளி வினிகர் சிந்தினால் என்ன ஆகும் என்று மேலே சொல்லிவிட்டேன்.

பூட்டிப் போகும் முன்: நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் வியர்வை உப்பைத் துடையுங்கள். போர்வெல் தண்ணீர் வேண்டாம், அதிலேயே உப்பு. பிறகு உலர்ந்த துணி, பிறகு எண்ணெய். ராடின் சொரசொரப்பான பிடியில் அழுக்கு அடையும், அதைப் பழைய பல்துலக்கியால் எடுத்துவிட்டு எண்ணெய் தடவுங்கள். எண்ணெய் பளபளக்கத் தெரியக் கூடாது. தடவிய பின் காய்ந்த துணியால் ஒருமுறை ஒற்றி எடுங்கள். தரையிலிருந்து அரை அடி உயர மரப்பலகையில், சுவரை ஒட்டாமல் அடுக்கி, பழைய பருத்தி வேட்டியால் மூடுங்கள். பிளாஸ்டிக் தாளால் சுற்றாதீர்கள், உள்ளே ஈரம் அடைபடும். வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் மழைக்காலத்தில் வெயில் அடிக்கிற நாளில் அந்த அறையின் கதவு, சன்னல் இரண்டையும் ஒரு மணி நேரம் திறந்து வைக்கச் சொல்லுங்கள். எத்தனை எண்ணெய் தடவினாலும் அந்தக் காற்றோட்டத்துக்கு ஈடாகாது.

தேவகோட்டை: டிரெட்மில்லை மாடியில் போடலாமா? கீழே போட்டால் எங்கே போடுவது?

பழைய மாடி மரச்சட்டங்களின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் இட்ட தளம். டிரெட்மில் 60 முதல் 100 கிலோ, அதன்மேல் ஓடுகிற ஆளின் அதிர்ச்சி. சட்டத்தின் நிலை தெரியாமல் ஏற்ற வேண்டாம், கீழேயே போடுங்கள். முற்றத்தை ஒட்டிய பத்தியில் சாரல் அடிக்கும். இரண்டாங்கட்டில், அதாவது வளவுக்கு அடுத்த பின்பகுதியில், சன்னல் உள்ள அறை நல்லது.

மின்சாரத்தைப் பாருங்கள். பழைய வயரிங்கில் எர்த் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துச் சோதித்து, 16 ஆம்பியர் பிளக் தனியாக இழுங்கள். எக்ஸ்டென்ஷன் பெட்டி கூடாது. கரண்ட் அடிக்கடி குறைகிற தெருவாக இருந்தால், 2 எச்பி மோட்டாருக்கு 3 கேவிஏ-வுக்குக் குறையாத ஸ்டெபிலைசர் வையுங்கள். இடி மின்னல் வந்தால் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது.

பெல்ட்டுக்கு அடியில் கைவிட்டுத் தொட்டுப் பாருங்கள், வறண்டிருந்தால் சிலிக்கான் எண்ணெய். தினம் ஓடுகிற வீட்டில் சுமார் 3 மாதத்துக்கு ஒருமுறை, ஒரு பக்கத்துக்கு 15 மி.லி. துருவுக்கு அடிக்கிற ஸ்பிரே பெல்ட்டைக் கெடுக்கும். பெல்ட் ஒரு பக்கம் ஒதுங்கினால், மெதுவாக ஓடவிட்டு, எந்தப் பக்கம் ஒதுங்குகிறதோ அந்தப் பக்கத்துப் பின் போல்ட்டைக் கால் சுற்று மட்டும் இறுக்குங்கள். இரண்டு நிமிடம் ஓடவிட்டுப் பார்த்த பின்தான் அடுத்த கால் சுற்று.

நாள்பட்டுத் திறக்கிற வீட்டில் உடனே சுவிட்சைப் போடாதீர்கள். மோட்டார் மூடிக்குள் எலி கூடு கட்டி வயரைக் கடித்திருக்கும். பிளக்கைப் பிடுங்கி 15 நிமிடம் கழித்து மூடியைக் கழற்றி, மென்மையான பிரஷால் தூசி தட்டி, வயர்களைப் பார்த்துவிட்டு ஓட்டுங்கள்.

கோட்டையூர்: அண்ணே, கிரிக்கெட் மட்டைக்கு எண்ணெய் எவ்வளவு, எங்கே?

தம்பி, காய்ச்சாத ஆளிவிதை எண்ணெய். பெயிண்ட் கடையில் கேள், காய்ச்சியது வேறு, அது வேண்டாம். ஒரு தடவைக்கு ஒரு தேக்கரண்டி. முகம், ஓரங்கள், அடிநுனி. கைப்பிடி மட்டைக்குள் ஆப்பாக இறங்கும் இடத்திலும் ஸ்டிக்கரிலும் படக்கூடாது. அங்கே எண்ணெய் இறங்கினால் பசை விட்டுக் கைப்பிடி ஆடும். மட்டையைப் படுக்கையாக வைத்து 24 மணி நேரம் காயவிட்டு அடுத்த பூச்சு. புது மட்டைக்கு இரண்டு அல்லது மூன்று பூச்சு போதும். அதிகமானால் கனத்துவிடும், பந்து செத்துப் போகும். முகத்தில் பிளாஸ்டிக் தாள் ஒட்டிய மட்டையானால், வெளியே தெரிகிற மரத்துக்கு மட்டும்.

ஒன்றை மறக்காதே. ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானே சூடேறித் தீப்பிடிக்கும். தேக்குத் தூணும் உத்தரமுமாக இருக்கிற வீட்டில் இது விளையாட்டில்லை. வெளியே கொடியில் விரித்துக் காயப்போடு, அல்லது தண்ணீரில் நனைத்து வை.

சித்திரை வெயிலில் மட்டையை வண்டியில் வைத்துப் பூட்டாதே. மரம் வற்றி வெடிக்கும்.

நாட்டரசன்கோட்டை: சிலம்பக் கம்பு வளைந்துவிடுகிறது. கர்லாக்கட்டையில் விரிசல்.

கம்பைச் சுவரில் சாய்த்து வைக்கிறீர்கள், அதனால்தான் வளைகிறது. மூன்று தாங்கலில் படுக்கையாக வையுங்கள். நடுவில் ஒரு தாங்கல் இல்லையென்றால் அங்கே தொங்கும். சுண்ணாம்புப் பூச்சுச் சுவரில் ஆணி அடிக்க வேண்டாம், பூச்சு வட்டமாகப் பெயர்ந்து வரும். மரச்சட்டத்தால் தனியாக நிற்கும் தாங்கி செய்துகொள்ளுங்கள். கம்பின் அடியில் மாவு மாதிரி தூள் கொட்டியிருந்தால் பூச்சி அரித்து உளுத்துப்போகிறது என்று அர்த்தம். அதை மற்றக் கம்புகளிலிருந்து பிரித்து, வேப்பெண்ணெய் தேய்த்து வெயில் காட்டுங்கள். துளை நிறைய இருந்தால் சுற்றாதீர்கள், சுழற்சியில் முறிந்து தெறிக்கும்.

கர்லாக்கட்டை அடிப்பக்கத்தில்தான் முதலில் வெடிக்கும். மர நரம்பின் வெட்டுவாய் அங்கே திறந்திருப்பதால் ஈரம் அந்த வழியாகவே சீக்கிரம் வற்றுகிறது. எண்ணெய் தடவும்போது அடிப்பகுதிக்கு இரண்டு மடங்கு. கைப்பிடிக் கழுத்தில் விரிசல் தெரிந்தால் அதோடு நிறுத்திவிடுங்கள், ஒட்டவைத்துச் சுற்றுவது ஆபத்து.

புதுவயல்: கேரம் போர்டு நடுவில் குழிந்துவிட்டது.

சாய்த்து வைத்ததாலோ ஈரத்துணியால் துடைத்ததாலோ வந்திருக்கும். பலகையின் மேல் செங்குத்தாக நிறுத்தி, உறை போட்டு வையுங்கள். பவுடரை உலர்ந்த பருத்தித் துணியால் மட்டும் துடையுங்கள். கேரம் பவுடர் பெரும்பாலும் போரிக் அமிலம். அடுக்களைப் பக்கம், பிள்ளைகள் கை எட்டுகிற இடத்தில் வேண்டாம். குழிந்த போர்டை நிமிர்த்துவது கஷ்டம்.

திருப்பத்தூர்: இறகுப் பந்து இரண்டே ஆட்டத்தில் பிய்கிறது.

நம் வெயிலுக்கு இறகு காய்ந்து நொறுங்குகிறது. முந்தின நாள் மாலை டப்பாவின் இரண்டு மூடியையும் திறந்து, கொதிக்கும் தண்ணீர் ஆவியை இறகுப் பக்கமாக ஐந்தாறு விநாடி காட்டி, மூடி வையுங்கள். தக்கைப் பக்கம் ஆவி படவேண்டாம், பசை இளகும். டப்பாவை எப்போதும் தக்கை கீழே இருக்கும்படி நிறுத்துங்கள். வாங்கும்போது வேக எண் பார்த்து 75 அல்லது 76 எடுங்கள். சூடான காற்றில் பந்து வேகமாகப் போகும், 78 எடுத்தால் கோட்டைத் தாண்டும்.

பொன்னமராவதி: வாலிபால் ஒரு பக்கம் புடைத்துவிட்டது. காற்று எவ்வளவு?

சதுர சென்டிமீட்டருக்கு 0.30 முதல் 0.325 கிலோ, அதாவது 4.3 முதல் 4.6 பிஎஸ்ஐ. சைக்கிள் கடை கம்பிரசரில் அடித்தால் ஒரு நொடியில் தாண்டிவிடும். கைப்பம்பும் சின்ன மீட்டரும் வாங்குங்கள். ஊசியை கிளிசரினில் தொட்டுச் செருகுங்கள். விளையாடாத மாதங்களில் கொஞ்சம் காற்றை இறக்கலாம், முழுதாக இறக்கினால் தோல் மடிந்து வெடிக்கும். புடைத்த பந்தில் உள்தையலோ நூல் சுற்றோ விட்டிருக்கும். அது பயிற்சிக்குக்கூட ஆகாது.

காரைக்குடி: யோகா மேட்டைத் துவைத்து வெயிலில் போடலாமா? ரப்பர் பேண்டுகள் ஒட்டிக்கொள்கின்றன.

மேட்டை ஒரு வாளித் தண்ணீரில் நாலைந்து சொட்டு ஷாம்பு விட்டுத் துடைத்து, நிழலில் கொடியில் போடுங்கள். வெயிலில் ரப்பர் வெடித்து உதிரும். சுருட்டும்போது மேல்பக்கம் வெளியே வரும்படி சுருட்டினால் ஓரம் மேலே சுருளாது. பேண்டுகளுக்கு டால்கம் பவுடர் தடவித் துணிப்பையில் வையுங்கள். இழுத்துப் பார்க்கும்போது நுண்ணிய வெடிப்புத் தெரிந்தால் தூக்கிப் போடுங்கள், அறுந்தால் முகத்தில்தான் அடிக்கும்.

ஆத்தங்குடி: ஊஞ்சல் கொக்கியில் பாக்ஸிங் பை தொங்கவிடலாமா? நிலைக்கதவில் புல்-அப் கம்பி?

இரண்டும் வேண்டாம் என்பேன். ஊஞ்சல் ஒரே சீராக ஆடும். குத்தும் பை ஒவ்வொரு அடிக்கும் பக்கவாட்டில் வெட்டி இழுக்கும், கொக்கியின் துளை மெல்ல அகலும். திருகி இறுக்கும் புல்-அப் கம்பியோ நிலையை இரண்டு பக்கமும் நெட்டித்தான் நிற்கிறது. தேக்கில் பள்ளம் விழும், சுண்ணாம்புக் கட்டுமானத்தில் பதிந்த நிலை அசையும். தரையில் நிற்கும் ஸ்டாண்ட் ஒன்று வாங்கி, முதல் பதிலில் சொன்ன மூன்று அடுக்கின் மேல் நிறுத்துங்கள். பாக்ஸிங் பைக்கும் அதே ஸ்டாண்டில் கொக்கி வருகிற மாதிரி கிடைக்கிறது. பின்காலில் 20 கிலோ மணல் மூட்டை இரண்டு வைத்தால் சாயாது.