வாசகர் கேள்வி பதில்: முகம் தெரியாத ஆளோட மல்லுக்கட்டுறது

இந்தத் தடவை வந்த கேள்வியெல்லாம் பெரும்பாலும் போன்ல முகம் தெரியாதவங்களோட நடக்குற வாக்குவாதம் பத்தித்தான். அரசியல், பெரிய கம்பெனி கேஸ், ஊர் நியூஸ்னு எல்லாம் கலந்து கிடக்கு. அதனால மத்த கேள்வியை எடுத்து வச்சிட்டு இதையே பேசிருவோம்.

அண்ணே, நான் விசைப்படகுல கூலிக்குப் போறவன். கச்சத்தீவு பத்தி யாராவது எழுதினா கீழ போய் கமெண்ட் போடுவேன். போன வாரம் ஒருத்தர், எந்த ஊர்னே தெரியல, "எல்லை தாண்டித் திருடப் போறது நீங்க, பிடிச்சா மட்டும் எதுக்கு அழுறீங்க"ன்னு போட்டாரு. விடிய விடிய சண்டை, கடைசில அவரு அம்மாவை நான் இழுக்க என் அம்மாவை அவரு இழுக்கன்னு போயிருச்சு. இவங்களுக்கு எப்படித்தான் புரிய வைக்கிறது?
- ஒரு வாசகர், தங்கச்சிமடம்

தம்பி, திருட்டுன்னு சொன்னா கொதிக்கத்தான் செய்யும். ஆளு யாழ்ப்பாணம் ஜெயில்ல, படகு அந்தப் பக்கம், இங்க பொண்டாட்டி நகையை அடகு வச்சு வக்கீலுக்கும் வீட்டுச் செலவுக்கும் அலையுறதைப் பார்த்தவன் யாரும் அந்த வார்த்தையைச் சாதாரணமா எடுத்துக்க மாட்டான். ஆனா அந்த ஒத்தக் கமெண்ட்ல ரெண்டு சண்டை சேர்ந்து கிடக்கு, அதைப் பிரிக்காம நீ விடிய விடிய எழுதினாலும் தீராது. தீவு யாருதுங்கிறது ஒண்ணு. மடி, அதாவது நம்ம வலை, எங்க விழுதுங்கிறது இன்னொண்ணு.

தீவை எடுத்துக்கோ. 285 ஏக்கர், குடிதண்ணி கிடையாது, ஒரு அந்தோணியார் கோயில். 1974ல இந்திரா காந்தியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் போட்ட ஒப்பந்தத்துல அது இலங்கைப் பக்கம் போச்சு. அதுல 5வது பிரிவுல, இந்திய மீனவங்களும் கோயிலுக்குப் போறவங்களும் முன்ன மாதிரியே வந்து போகலாம், விசா தேவையில்லைன்னு இருக்கு. அப்புறம் 1976ல ரெண்டு நாட்டுக்கும் நடந்த கடிதப் பரிமாற்றத்துல, ஒருத்தர் கடல்ல இன்னொருத்தர் படகு மீன் பிடிக்கக் கூடாதுன்னு வந்துருச்சு. அந்த 5வது பிரிவு மீன் பிடிக்கவும் சேர்த்தா, இல்ல வலை காயப்போட்டு இளைப்பாறிட்டு வர மட்டுமாங்கிறதுதான் இன்னைக்கு வரைக்கும் இழுபறி. 2008ல ஜெயலலிதா சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனாங்க, 2013ல கருணாநிதியும் போனாரு, 2014ல மத்திய அரசோட தலைமை வக்கீலான அட்டர்னி ஜெனரல் கோர்ட்லயே "திரும்ப வேணும்னா போர்தான் நடத்தணும்"ங்கிற அர்த்தத்துல பேசிட்டாரு, 2025 ஏப்ரல்ல சட்டசபையில மறுபடியும் மீட்கணும்னு தீர்மானம் போட்டாங்க. இவ்வளவும் பேப்பர்ல இருக்குறது, யாரும் மறுக்க முடியாது. ஆனா கமெண்ட்ல என்ன நடக்குது, "எவன் தாரை வார்த்தான்"னு ரெண்டு கட்சிக்காரனும் ஒருத்தர் மேல ஒருத்தர் எறிஞ்சுக்கிறானுங்க, நடுவுல மீனவன் பேச்சே காணாமப் போயிருது. அந்தச் சண்டைக்குள்ள நீ போகவே போகாத.

அடுத்தது மடி. இழுவைமடி கடலடியை எப்படி வழிச்சு எடுக்கும்னு படகுல போற உனக்கு நான் சொல்லணுமா என்ன. நம்ம கரையிலேயே நாட்டுப்படகுக்காரங்களுக்கு அதுல வருத்தம் உண்டு, அதனாலதான் ராமேஸ்வரத்துல விசைப்படகுக்கு திங்கள், புதன், சனின்னு கிழமை பிரிச்சு வச்சிருக்கு. அந்தக் கரையில, இலங்கை வடபக்கம் இருக்கிறவனும் தமிழன், உள்நாட்டுப் போர்க் காலம் முழுக்கக் கடலுக்கே போக முடியாம கிடந்தவன், 2009க்கு அப்புறம்தான் சின்னப் படகும் கடன் வாங்கின வலையுமா இறங்கினான், அவன் வலை நம்ம மடில சிக்கி அறுந்து போச்சுன்னா அவன் வீட்டுலயும் அடகுதான். இலங்கை 2017ல அவங்க நாட்டுக்காரங்களுக்கும் சேர்த்தே இழுவைமடியைத் தடை பண்ணிட்டாங்க. நம்ம பக்கம் அதே வருஷம் ஆழ்கடல் படகுத் திட்டம் வந்துச்சு, ஒரு படகு 80 லட்சம், மத்திய அரசு பாதி, மாநிலம் 20 சதவீதம், மீதி நம்ம கைக்காசும் பேங்க் கடனும். அந்தக் கடனைத் தலையில தூக்கி வச்சுக்கிட்டு, இதுவரைக்கும் போகாத கடலுக்குப் போறது கூலிக்காரனுக்கு லேசுப்பட்ட காரியம் இல்லைன்னு நீதான் எடுத்துச் சொல்லணும், வெளியூர்க்காரனுக்கு அது தெரியாது.

அதனால அந்த ஆளுக்கு இப்படி எழுது: எல்லை தாண்டுறோம்ங்கிறது நெசம், எதுக்குத் தாண்டுறோம்னா இது, தாண்டினதுக்குச் சுடுறதும் படகைப் புடுங்கிக்கிறதும் நியாயமான்னு சொல்லுங்க. அவ்வளவுதான். ஒத்துக்க வேண்டியதை முதல்லயே ஒத்துக்கிட்டா அவன் கையில வேற ஆயுதம் இருக்காது. அதுக்கும் அவன் அம்மாவை இழுத்தா பதில் போடாத. அவன் மாறப் போறது கிடையாது, ஆனா அதே இடத்துல நாமக்கல்லயோ ஈரோட்டுலயோ கடலையே பார்க்காத யாரோ ஒருத்தர் வாயைத் திறக்காம எல்லாத்தையும் படிச்சுக்கிட்டு இருப்பாரு, நீ எழுதுறது அவருக்கு. அவரு உன் கெட்ட வார்த்தையைப் படிச்சாருன்னா "மீனவன்னாலே இப்படித்தான்"னு முடிவு பண்ணிட்டுப் போயிருவாரு. எனக்கு அதுதான் மனசு தாங்கல.

அண்ணே, நான் காலேஜ்ல கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறேன். "கூகுள் தன்னோட குரோம் பிரவுசரை வித்தே ஆகணும், அமெரிக்க கோர்ட் தீர்ப்பு"ன்னு ஒருத்தர் அடிச்சுச் சொல்றாரு. இல்லைன்னு சொன்னா நியூஸ் ஸ்க்ரீன்ஷாட்டைப் போடுறாரு. துபாய்ல இருக்கிற எங்க காக்காவும் (அண்ணன்) அவரு சொல்றதுதான் சரிங்கிறாரு. யார் சரி?
- ஒரு வாசகி, கீழக்கரை

நீ சொல்றதுதான்மா சரி, ஆனா அவரு போட்ட ஸ்க்ரீன்ஷாட்டும் பொய்யா இருக்காது, பழசா இருக்கும். இந்த கேஸ் 2020 அக்டோபர்ல அமெரிக்க நீதித்துறை போட்டது. 2024 ஆகஸ்ட்ல அமித் மேத்தாங்கிற ஜட்ஜ், இவரு நம்ம குஜராத்துல பொறந்தவரு, தேடுதல்ல கூகுள் சட்டவிரோதமா ஏகபோகத்தைக் காப்பாத்தி வச்சிருக்குன்னு தீர்ப்பு சொன்னாரு. போன்லயும் பிரவுசர்லயும் தன்னோட தேடுதலே முதல்ல வரணும்னு கூகுள் 2021ங்கிற ஒத்த வருஷத்துல மட்டும் 2,600 கோடி டாலருக்கு மேல கொடுத்தது விசாரணையில வெளிய வந்துச்சு. அதுக்கப்புறம் 2024 நவம்பர்ல, குரோமை விக்கச் சொல்லுங்கன்னு கேட்டது அரசுத் தரப்பு. கேட்டதோட சரி. அந்த நியூஸைத்தான் அவரு தீர்ப்புன்னு நினைச்சுட்டு இருக்காரு. 2025 செப்டம்பர்ல அதே ஜட்ஜ், குரோமை விக்க வேண்டாம், ஆனா வேற யாரையும் உள்ள விடாத ஒப்பந்தம் போடக் கூடாது, தேடுதல் டேட்டால கொஞ்சத்தைப் போட்டிக் கம்பெனிக்குக் கொடுக்கணும்னு முடிச்சாரு.

கம்பெனி கேஸ்ல நடக்குற வாக்குவாதம் முக்காவாசி இப்படித்தான் இருக்கு. மனு போட்டது, தரப்பு கேட்டது, கோர்ட் சொன்னது, அப்பீல்ல மாறினதுன்னு நாலு படி இருக்கும், நாலுக்கும் பேப்பர்ல ஒரே சைஸ் தலைப்பு போடுவாங்க, படிக்கிறவன் எந்தப் படில ஏறினானோ அங்கேயே உட்கார்ந்துக்கிறான். நம்ம நாட்டுலயும் அப்படித்தான், 2022 அக்டோபர்ல ஆண்ட்ராய்டு விஷயத்துல, கம்பெனிகளுக்குள்ள போட்டி நியாயமா நடக்குதான்னு பார்க்குற இந்தியப் போட்டி ஆணையம் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் போட்டுச்சு, 2023 மார்ச்ல அப்பீல் தீர்ப்பாயம் அபராதத்தை அப்படியே வச்சிட்டு ஆணையம் போட்ட உத்தரவுல நாலை மட்டும் எடுத்துருச்சு. அதைப் பார்த்து ஒருத்தன் "கூகுள் தோத்துச்சு"ங்கிறான் இன்னொருத்தன் "கூகுள் தப்பிச்சிருச்சு"ங்கிறான், ரெண்டு பேர்கிட்டயும் ஆதாரம் இருக்கு. 2024 நவம்பர்ல ஏஎன்ஐ நியூஸ் ஏஜென்சி டெல்லி ஹைகோர்ட்ல சாட்ஜிபிடி கம்பெனியான ஓப்பன்ஏஐ மேல, எங்க நியூஸை அனுமதி இல்லாம எடுத்துக்கிட்டாங்கன்னு கேஸ் போட்டப்பவும், போட்ட மறுநாளே "திருடினது நிரூபணம்"னு எழுதினவங்க உண்டு. கேஸ் போட்டா அது குற்றச்சாட்டு, அவ்வளவுதான்.

உன் காக்காகிட்ட சண்டை போடாத. "காக்கா, நீங்க பார்த்த நியூஸ் எந்த மாசத்தோடது"ன்னு மட்டும் கேளு, போதும்.

அண்ணா, பாம்பன் புது ரயில் பாலத்துல துருப்பிடிச்சிருக்குன்னு எழுதினேன். "தேசத்துரோகி, வளர்ச்சி பிடிக்காதவன்"னு யார் யாரோ வந்து திட்டுறாங்க. பேசாம அழிச்சிரலாமா?
- ஒரு வாசகர், பாம்பன்

எதுக்கு அழிக்கணும்? 1914ல இருந்து நின்ன பாலத்துக்குப் பக்கத்துலயே கட்டி 2025 ஏப்ரல் 6ல பிரதமர் திறந்து வச்ச பாலம் அது, 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே செங்குத்தா மேல ஏறும், நம்ம ஊருக்கு அது பெருமைதான். அதே பாலத்தை 2024 நவம்பர்ல சோதனை பண்ணின ரயில்வே பாதுகாப்பு ஆணையரே துரு விஷயத்தையும் டிசைன்ல இருக்கிற குறையையும் ரிப்போர்ட்ல எழுதியிருக்காரு, ரயில் 75 கிலோமீட்டர் வேகத்துல போகலாம், தூக்குற பகுதில மட்டும் 50தான்னு சொல்லித்தான் அனுமதி கொடுத்தாரு. அரசாங்க அதிகாரி எழுதினதைக் கேட்கிறவன் துரோகி ஆக மாட்டான். ஆனா நீ "பாலம் விழப் போகுது"ன்னு எழுதியிருந்தா அதை மட்டும் மாத்திரு, ரிப்போர்ட்ல அப்படி இல்ல. உப்புக்காத்துல நம்ம வீட்டு ஜன்னல் கம்பி என்ன பாடுபடுதுன்னு நமக்குத் தெரியும், பராமரிப்பைப் பத்தி நாம கேட்காம டெல்லிக்காரன் வந்தா கேட்பான்?

ஐயா, ரிட்டையர்டு ஆசிரியை நான். எங்க சொந்தக்காரங்க குரூப்ல எதையாவது ஃபார்வர்ட் பண்ணினா, தெரியாத நம்பர்ல இருந்து ஒருத்தர் "66ஏல உள்ள போடுவாங்க"ன்னு மிரட்டுறாரு. நான் எழுதலையே, வந்ததைத்தானே அனுப்புறேன்?
- ஒரு வாசகி, மண்டபம்

டீச்சர், ஆன்லைன்ல புண்படுத்துற மாதிரி அனுப்பினா ஜெயில்னு தகவல் தொழில்நுட்பச் சட்டத்துல இருந்த 66ஏ பிரிவை சுப்ரீம் கோர்ட் 2015 மார்ச் 24லயே ரத்து பண்ணிருச்சு, அந்த மிரட்டலுக்குப் பயப்பட வேண்டாம். ஆனா "நான் எழுதல, அனுப்பினேன்"ங்கிறது உங்களைக் காப்பாத்தாது. பெண் பத்திரிகையாளர்களைப் பத்தி வந்த கேவலமான பதிவை 2018ல பகிர்ந்த ஒரு நடிகர், அழிச்சிட்டேன், மன்னிப்பும் கேட்டுட்டேன்னு சொல்லியும் சென்னை ஹைகோர்ட் கேஸை ரத்து பண்ணல, 2023ல சுப்ரீம் கோர்ட்டும் கைவிரிச்சிருச்சு, 2024ல ஒரு மாசம் ஜெயில்னு தண்டனையும் வந்துச்சு.

சட்டத்தை விடுங்க. அதே 2018ல பிள்ளை பிடிக்கிறவங்க சுத்துறாங்கன்னு வாட்ஸ்அப்ல புரளி பரவினப்போ, திருவண்ணாமலை மாவட்டத்துல கோயிலுக்கு வந்த ஒரு வயசான அம்மா, வழியில நின்ன குழந்தைக்கு சாக்லேட் கொடுத்தாங்க. ஊரே கூடி அடிச்சுக் கொன்னுட்டாங்க. அந்த மெசேஜை அனுப்பினவங்கள்ல உங்களை மாதிரி நல்லவங்களும் இருந்திருப்பாங்க டீச்சர். ரெட்டை அம்புக்குறியோட "பல முறை ஃபார்வர்ட் ஆனது"ன்னு வந்துச்சுன்னா உங்க போனோட நிறுத்திருங்க.

அண்ணே, செப்டம்பர், அக்டோபர் வந்தாலே எங்க பக்கம் பசங்க சாதி ஸ்டேட்டஸ் போடுறானுங்க. தெரியாத ஐடில இருந்து எங்க ஆளுங்களைத் திட்டி வீடியோ வருது. பதில் போடாம இருந்தா கோழைங்கிறானுங்க.
- ஒரு வாசகர், சாயல்குடி

தம்பி, இதுல வாதத்துக்கே இடம் இல்ல, பதில் போடாத. 1957ல முதுகுளத்தூர் சாதிக் கலவரத்துல செத்தவங்க, 2011ல பரமக்குடி போலீஸ் துப்பாக்கிச்சூட்டுல செத்தவங்க, ரெண்டையும் பார்த்த குடும்பங்க இந்த மாவட்டத்துல இன்னும் இருக்கு. இமானுவேல் சேகரன் நினைவு நாளான செப்டம்பர் 11க்கும் தேவர் ஜெயந்தி வர்ற அக்டோபர் 30க்கும் வருஷா வருஷம் தடை உத்தரவு போடுற மாவட்டம் இது. எங்கேயோ உட்கார்ந்துக்கிட்டு போலி ஐடில வீடியோ போட்டவனுக்கு ஒண்ணும் ஆகாது, பதில் வீடியோ போட்ட பதினெட்டு வயசுப் பையன் மேல புது குற்றச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவுல, சாதி மதத்துக்குள்ள பகையை மூட்டுறதுக்கான 196வது பிரிவுல கேஸ் விழும், மூணு வருஷம் வரைக்கும் ஜெயில், அப்புறம் அவன் போலீஸ் வேலைக்கும் போக முடியாது, பாஸ்போர்ட்டும் கஷ்டம். லிங்க்கைக் காப்பி பண்ணி, ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, சைபர் கிரைம் போலீஸ்ல கொடு. உனக்குத் தெரிஞ்ச பையன் ஸ்டேட்டஸ் போட்டிருந்தா ஆன்லைன்ல எழுதாத, நேரா அவன் வீட்டுக்குப் போய் அவங்க அப்பா முன்னாடி வச்சே எடுக்கச் சொல்லு. கோழைன்னு சொல்றவன் உன் வீட்டுக்கு வந்து சோறு போடப் போறதில்ல.

பிளாக் பண்ணினா தோத்துட்டோம்னு ஆகாதா?
- ஒரு வாசகர், ராமேஸ்வரம்

ஆகாது. நேத்து ஆரம்பிச்ச ஐடி, மூஞ்சி கிடையாது, எல்லார் பதிவுலயும் ஒரே வரியைக் காப்பி அடிச்சு ஒட்டுது, அதோட என்ன வாதம்? கேள்வி கேட்கிறவனுக்கு எவ்வளவு வேணும்னாலும் நேரம் கொடு, ஒட்டுறவனுக்கு ஒரு நிமிஷம் கூடக் கொடுக்காத.

ஆதாரம் எங்கன்னு கேட்டா "நீயே கூகுள் பண்ணிக்கோ"ங்கிறாங்க. நான் கொடுக்கிற லிங்க்கை "இது விலை போன மீடியா"ங்கிறாங்க. என்னதான் பண்றது?
- ஒரு வாசகர், தொண்டி

சொன்னவன்தான் ஆதாரம் கொண்டு வரணும், அவன் கொண்டு வரலைன்னா பேச்சு அங்கேயே முடிஞ்சிருச்சு, அவனுக்காக நீ தேடி அலையாத. உன் பக்கத்துக்கு மீடியா லிங்க்கைக் கொடுக்காம மூலத்தையே கொடுக்கப் பாரு. சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு நிறைய இப்போ தமிழ்லயே மொழிபெயர்த்து கோர்ட் வெப்சைட்ல கிடக்கு, காசு கிடையாது. சட்டசபைத் தீர்மானம், ஒப்பந்தம் எல்லாம் அப்படியே எடுக்கலாம். உள்ளூர் விஷயம்னா, ரோடு, மீன்பிடித் துறைமுகம், நிவாரணத் தொகை மாதிரி, தகவல் உரிமைச் சட்டத்துல பத்து ரூபாய் கட்டி மனு போடு, 30 நாள்ல பதில் கொடுத்தாகணும். கொடுக்கலைன்னா அதே ஆபீஸ்ல மேலதிகாரிக்கு அப்பீல் போடு, அதுக்குக் காசு கட்டத் தேவையில்ல. பதில் வந்ததும் சீல் தெரியுற மாதிரி போட்டோ எடுத்து அந்த வாதத்துக்குக் கீழயே போட்டிரு.